ரசம் பொங்கிய அடுப்பும் சூரியனின் கருங்கோடுகளும்

பள்ளிப் பிள்ளைகளை மொட்டை மாடியில் கூட்டி வைத்துத் தொலைநோக்கியில் வானம் காட்டும் இரவுகளில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சூரியன்ல ஹைட்ரஜன் இருக்குன்னு சொல்றீங்களே, யாரு போய் எடுத்துட்டு வந்து பார்த்தாங்க?" அருமையான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த பெரியவர்களில் யாராவது பதில் சொல்லிவிடுவார்: "கலரை வெச்சுக் கண்டுபிடிப்பாங்கடா." இன்னொருவர், "எல்லாம் ஒரு ஊகம்தான்" என்பார்.

இரண்டுமே சரியில்லை. நிறத்தை வைத்து யாரும் பொருளைச் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அது ஊகமும் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு நிகரான உறுதியான சோதனை அது. எப்படி என்பதை அவசரப்படாமல் பார்ப்போம். இதற்குக் கணிதம் வேண்டாம்.

## இரண்டு மஞ்சள்

சமையலறையில் ரசம் பொங்கிக் கேஸ் அடுப்பில் வழிந்தால் என்ன நடக்கும்? நீலமாக எரிந்த தீ ஒரு கணம் பளிச்சென்று மஞ்சளாக மாறும். ரசத்தில் இருக்கும் உப்பு செய்யும் வேலை அது. உப்பில் சோடியம் இருக்கிறது. சோடியம் சூடானால் மஞ்சள் ஒளியைக் கொடுக்கும். தீபாவளி மத்தாப்பில் பச்சைக்குப் பேரியம் உப்பையும் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பையும் சேர்ப்பதும் இதே அடிப்படையில்தான்.

அப்படியானால் நிறத்தை வைத்துப் பொருளைச் சொல்லிவிடலாமே? பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிப் பாருங்கள். அதன் சுடரும் மஞ்சள்தான். ஆனால் அந்த மஞ்சளுக்கும் சோடியத்துக்கும் சம்பந்தமே இல்லை. சுடருக்குள் சூடேறிய கரித்துகள்கள் தணல்போல ஒளிர்கின்றன, அவ்வளவுதான்.

கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். மெழுகுவத்தி ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியாகச் செலுத்தினால் சிவப்பிலிருந்து நீலம் வரை எல்லா நிறங்களும் இடைவெளியில்லாமல் விரியும். உப்புத் தீயின் மஞ்சளைச் செலுத்தினால், மஞ்சள் பகுதியில் நெருக்கமாக இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் நிற்கும். சுற்றிலும் பெரும்பாலும் இருட்டு.

இப்படி ஒளியை அதன் நிறங்களாகப் பிரித்து வரிசையாக விரித்ததற்கு நிறமாலை என்று பெயர். வானவில் இயற்கை நமக்குக் காட்டும் நிறமாலை. வீட்டில் பார்க்க ஒரு பழைய சிடி போதும். மெழுகுவத்தி ஒளி அதில் பட்டுத் தெறிக்கும்போது நிறங்கள் தொடர்ச்சியாகத் தெரியும். சிஎஃப்எல் விளக்கின் ஒளியோ தனித்தனி நிறத் திட்டுகளாகப் பிரியும். சூரியனை மட்டும் இப்படிப் பார்க்காதீர்கள். சிடியில் தெறித்து வரும் வெயிலும் கண்ணைக் கெடுக்கும்.

## ஒளி என்றால் என்ன?

"ஒளி சில நேரம் அலை, சில நேரம் துகள்" என்று மந்திரம்போலச் சொல்லக் கேட்டிருப்போம். ஒளி வேஷம் மாற்றிக்கொண்டே இருப்பதுபோல ஒரு எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. நம் தேவைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஒளி போகும்போது அலைபோலப் பரவிப் போகிறது, பொருளோடு கொடுக்கல் வாங்கல் செய்யும்போது மட்டும் பொட்டலமாகத்தான் செய்கிறது.

குளத்தில் கல் எறிந்தால் எழும் அலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம்தான் அலைநீளம். ஒளியின் நிறத்தைத் தீர்மானிப்பது இந்த நீளம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதாவின் அலைநீளம் சுமார் 400 நானோமீட்டர், சிவப்பினுடையது சுமார் 700. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த எல்லைக்கு வெளியே ஒரு பக்கம் புற ஊதா, எக்ஸ் கதிர். மறுபக்கம் அகச்சிவப்பு, வானொலி அலை. எல்லாம் ஒரே குடும்பம். வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர்.

ஒளியின் ஒரு பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். அரிசியை எத்தனை கிராம் வேண்டுமானாலும் நிறுத்து வாங்கலாம். முட்டையை முழு முட்டையாகத்தான் வாங்க வேண்டும். ஒளி முட்டை மாதிரி. நீல ஃபோட்டானில் ஆற்றல் அதிகம், சிவப்பு ஃபோட்டானில் குறைவு. அரை ஃபோட்டான் என்று ஒன்று கிடையாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

## நிறம் சொல்வது சூட்டை

கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் மங்கிய சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, பிறகு மஞ்சள் கலந்த வெள்ளை என்று நிறம் ஏறிக்கொண்டே போகும். இரும்புக்குப் பதில் அதே சூட்டில் வேறொரு உலோகத்தை வைத்தாலும் ஏறத்தாழ அதே நிறம்தான். சூடான பொருள் தணலாக ஒளிரும்போது அதன் நிறம் சூட்டைத்தான் சொல்கிறது, பொருளைச் சொல்வதில்லை.

நட்சத்திரங்களும் அப்படித்தான். திருவாதிரை செம்மஞ்சளாகத் தெரிகிறது. அதன் மேற்பரப்பு சுமார் 3,200 டிகிரி செல்சியஸ். சூரியன் சுமார் 5,500 டிகிரி. வெண்ணீலமாக மின்னும் சித்திரை 20,000 டிகிரிக்கும் மேல். குழாயில் சிவப்பு என்றால் சுடுதண்ணீர், நீலம் என்றால் பச்சைத் தண்ணீர் என்று பழகிவிட்டதால் பலரும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். வானத்தில் நீலம்தான் கொதிப்பு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். ஒளியின் நிறம் அதன் அலைநீளம். நட்சத்திரத்தின் மொத்த நிறம் அதன் சூட்டைக் காட்டுகிறது. அது எதனால் ஆனது என்பதற்கு இன்னும் விடை வரவில்லை.

## வானவில்லில் விழுந்த கீறல்கள்

பிரெஞ்சுத் தத்துவவாதி அகஸ்ட் கோம்ட் 1835-இல் எழுதினார்: நட்சத்திரங்களின் தொலைவையும் அசைவையும் அளக்கலாம், அவை எந்தப் பொருளால் ஆனவை என்பதை மட்டும் மனிதன் அறியவே முடியாது என்று. அன்றைக்கு அது நியாயமான பேச்சாகத்தான் பட்டிருக்கும். ஆனால் விடைக்கான திறவுகோல் அதற்கு 20 ஆண்டுகள் முன்பே பவேரியாவில் ஒருவர் கையில் கிடைத்திருந்தது. அது திறவுகோல் என்று அவருக்கும் தெரியாது.

யோசஃப் ஃபிரான்ஹோஃபர் கண்ணாடி வில்லை செய்யும் கைவினைஞர். 1814-இல் தன் கண்ணாடிகளின் தரத்தைத் துல்லியமாக அளப்பதற்காகச் சூரிய ஒளியை மிக அகலமாக விரித்துப் பார்த்தார். வானவில் இடைவெளியில்லாமல் இல்லை. நூல் நூலாகக் கறுப்புக் கோடுகள் குறுக்கே ஓடின. பொறுமையாக எண்ணினார், ஐந்நூறுக்கும் மேல் வந்தன. முக்கியமானவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துகளைக் கொடுத்தார். வெள்ளிக் கோளின் ஒளியிலும் அதே கோடுகள் இருந்தன. அது சூரிய ஒளியைத்தானே திருப்பி அனுப்புகிறது. சிரியஸ் நட்சத்திரத்தில் கோடுகள் வேறு மாதிரி இருந்தன. ஆக, கோடுகள் கருவியின் குறையால் வந்தவை இல்லை, ஒளி கிளம்பிய இடத்தின் அடையாளம் என்பது புரிந்தது. அதற்கு மேல் புரியவில்லை.

அந்த 'டி' கோடு இருந்த இடம்தான் சுவாரசியம். மஞ்சளில், 589 நானோமீட்டரில், நெருக்கமாக இரட்டைக் கோடு. நம் உப்புத் தீ ஒளிக்கோடு காட்டும் அதே இடம்!

1859-இல் ஹைடல்பெர்க்கில் குஸ்தாவ் கிர்க்காஃப் ஒரு சோதனை செய்தார். சூரிய ஒளியின் வழியில் உப்புத் தீயைக் குறுக்கே வைத்தார். தீயின் மஞ்சள் ஒளி போய்ச் சூரியனின் கறுப்புக் கோட்டை நிரப்பிவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வெயிலின் ஒளி நன்றாக இருந்தபோது கோடு நிரம்பவில்லை, முன்பைவிடக் கறுத்தது. சோடியம் எந்த மஞ்சளை வெளியிடுகிறதோ அதே மஞ்சளை விழுங்கவும் செய்கிறது என்பதுதான் இதன் பொருள். அப்படியானால் சூரியனின் கறுப்புக் கோடு? சூரியனை மூடியிருக்கும் வாயுவில் சோடியம் இருக்கிறது. கோம்ட் இறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

## அணுவுக்குள் ஒரு மாடிப்படி

சோடியம் ஏன் அந்த மஞ்சளை மட்டும் பிடித்துக்கொள்கிறது? அணுவின் நடுவே கரு, சுற்றிலும் எலக்ட்ரான்கள். எலக்ட்ரான் தன் இஷ்டத்துக்கு எந்த ஆற்றலில் வேண்டுமானாலும் இருந்துவிட முடியாது. மாடிப்படியில் முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம், ஒன்றரையாவது படியில் நிற்க முடியுமா? எலக்ட்ரானும் அப்படித்தான்.

மேல்படி ஏற வேண்டுமானால் இரண்டு படிகளுக்கும் உள்ள உயரத்துக்குச் சரியான ஆற்றல் வேண்டும். ஒளி பொட்டலமாக வருகிறது என்று பார்த்தோம் அல்லவா? பொட்டலத்தின் அளவு அந்த உயரத்துக்குப் பொருந்தினால் எலக்ட்ரான் அதை வாங்கிக்கொண்டு ஏறும். பொருந்தாவிட்டால் ஃபோட்டான் பாட்டுக்குக் கடந்து போய்விடும். கீழே இறங்கும்போது அதே அளவு பொட்டலத்தை வெளியே விடும்.

படிகளின் உயரம் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு. தனிமம் என்பது ஒரே வகை அணுக்களால் ஆன பொருள்: இரும்பு, தங்கம், ஹைட்ரஜன் போல. ஹைட்ரஜனின் படிக்கட்டு இரும்புக்கு வராது. அதனால்தான் ஹைட்ரஜன் எப்போதும் 656.3, 486.1, 434.0, 410.2 நானோமீட்டர்களில் கோடு போடும். சென்னையில் உள்ள ஆய்வகக் குழாயானாலும் ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள நட்சத்திரமானாலும் அதே எண்கள். கடையில் பொருளின் மேல் இருக்கும் பார்கோடு மாதிரி. ஒரு கோட்டை வைத்து முடிவு செய்வதில்லை. வரிசை முழுக்கப் பொருந்த வேண்டும்.

சூடான வாயு தானாக ஒளிர்ந்து போடும் பிரகாசமான கோட்டுக்கு வெளியிடு கோடு என்றும், பின்னாலிருந்து வரும் ஒளியில் வாயு விழுங்கியதால் விழும் கறுப்புக் கோட்டுக்கு உட்கவர் கோடு என்றும் பெயர். இங்கே நியாயமான சந்தேகம் ஒன்று எழும்: விழுங்கிய ஒளியை அணு திரும்பவும் வெளியிடுமே, பிறகு ஏன் கறுப்பு? சென்னைக்கு வரும் பேருந்துகளை எல்லாம் ஒரு சுங்கச்சாவடியில் நிறுத்தி, மஞ்சள் சட்டைக்காரர்களை மட்டும் இறக்கி, கண்ட திசைக்குப் போகும் வேறு பேருந்துகளில் ஏற்றிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் காணாமல் போகவில்லை. ஆனால் கோயம்பேட்டில் நின்று எண்ணுகிறவருக்கு மஞ்சள் சட்டை குறைவாகத்தான் தெரியும். தொலைநோக்கியின் முனையில் நிற்கும் நாம் அந்தக் கோயம்பேட்டுக்காரர்.

சுருக்கமாக: நிறம் சூட்டைச் சொல்கிறது, கோடுகளின் இடம் பொருளைச் சொல்கிறது.

## குண்டூரில் தெரிந்த மஞ்சள் கோடு

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் பியேர் ஜான்சன் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்து கருவிகளை அமைத்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் இருந்தார். நிலவு சூரியனை மறைத்தபோது, அதன் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் நிறமாலையில் பிரகாசமான கோடுகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று மஞ்சள்.

"ஹீலியத்தை ஜான்சன் குண்டூரில் கண்டுபிடித்தார்" என்று பல இடங்களில் படிக்கிறோம். அது பாதி உண்மை. ஜான்சனை அன்று ஈர்த்தது கோடுகளின் பிரகாசம். கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்க முடியும் என்று உணர்ந்து, மறுநாளே பார்த்தும் காட்டினார். அந்த மஞ்சள் சோடியத்தின் மஞ்சள் இல்லை என்று உறுதியாகச் சொல்லி, அது பூமியில் அறியப்படாத தனிமம் என்ற முடிவுக்கு வந்தவர் இங்கிலாந்தில் இருந்த நார்மன் லாக்யர். அதே ஆண்டு அக்டோபரில் கிரகணம் ஏதுமின்றி அவரும் கோட்டைக் கண்டார். சோடியம் 589-இல் நிற்கிறது, இது 587.6-இல். வித்தியாசம் ஒன்றரை நானோமீட்டர்கூட முழுதாக இருக்காது. அந்தச் சின்ன இடைவெளியை நம்பி ஒரு புதிய தனிமம் இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! சூரியனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ஹீலியோஸிலிருந்து ஹீலியம் என்று பெயர் வந்தது.

வேதியியலாளர்களில் பலர் ஏற்கவில்லை. 1895-இல் லண்டனில் வில்லியம் ராம்சே ஒரு யுரேனியத் தாதுவை அமிலத்தில் இட்டபோது வெளிவந்த வாயு அதே மஞ்சள் கோட்டைக் காட்டியது. பூமியில் கிடைப்பதற்கு 27 ஆண்டுகள் முன்பே, சூரியனின் ஒளியில் ஒரு தனிமம் தன்னைக் காட்டிக்கொண்டுவிட்டது.

## கோடு அழுத்தமாக இருந்தால் பொருள் அதிகமா?

இந்த இடத்தில் பெரிய அறிஞர்களே வழுக்கி விழுந்திருக்கிறார்கள். சூரியனின் நிறமாலையில் மிக அழுத்தமான கோடுகள் கால்சியத்தினுடையவை. இரும்புக்கு எண்ணற்ற கோடுகள். அதனால் சூரியனும் ஏறக்குறைய பூமியின் கலவைதான், கொஞ்சம் சூடாக இருக்கிறது என்று 1920-கள் வரை நம்பினார்கள்.

கல்யாண வீட்டில் காதில் விழும் குரல்களை மட்டும் எண்ணிப் பந்திக்கு இலை போட்டால் என்ன ஆகும்? சத்தமாகப் பேசுகிறவர்கள் நான்கு பேராக இருக்கலாம். பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நானூறு பேராக இருக்கலாம். ஹைட்ரஜனின் நாம் பார்க்கும் கோடுகள் எல்லாம், எலக்ட்ரான் இரண்டாம் படியில் நிற்கும் அணுக்களால் மட்டுமே விழுபவை. சூரியனின் மேற்பரப்புச் சூட்டில் ஏறத்தாழ 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுதான் அந்தப் படியில் இருக்கும். மற்றவை எல்லாம் வாய்மூடிகள். கால்சியமோ அதே சூட்டில் உரக்கப் பேசும்.

எந்தச் சூட்டில் எந்த அணு எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட வழி காட்டியவர் மேகநாத் சாஹா. கல்கத்தாவில் பணியாற்றிய அவர் 1920-இல் வெளியிட்ட சமன்பாடு, வாயுவின் சூட்டையும் அழுத்தத்தையும் கொடுத்தால் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று சொல்லும். எலக்ட்ரானை இழந்த அணுவுக்கு அயனி என்று பெயர். அதன் படிக்கட்டே மாறிவிடுவதால் கோடுகளும் மாறும்.

சாஹாவின் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு நட்சத்திர நிறமாலைகளை முறையாக அலசியவர் ஹார்வர்டில் ஆய்வு செய்த சிசிலியா பெய்ன். 1925-இல் அவருடைய ஆய்வேட்டில் வந்த விடை: நட்சத்திரங்களில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன், அடுத்து ஹீலியம், மற்ற எல்லாம் சொற்பம். அன்றைய மூத்த வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல் இது நடக்காத காரியம் என்று எழுத, 25 வயதுப் பெண், தான் கண்டுபிடித்த அளவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று தன் ஏட்டிலேயே எழுத வேண்டிவந்தது. 1929-இல் ரஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து ஏற்றுக்கொண்டார். சூரியனின் எடையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக ஹைட்ரஜன், கால் பங்கு போல ஹீலியம் என்பது இன்று பாடநூல் செய்தி. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வருகிறது.

ஆக, கோட்டின் இடம் பொருளின் பெயரைச் சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு, கோட்டின் அழுத்தத்தோடு சூட்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

## கோடுகள் இடம் மாறினால்

ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே நம்மைக் கடந்து போகும்போது, வரும்வரை கீச்சென்று இருந்த ஒலி கடந்ததும் கனத்துப்போகும். வருகிறபோது அலைகள் நெருக்கிக்கொள்கின்றன, போகிறபோது நீள்கின்றன. இதுதான் டாப்ளர் விளைவு. ஒளிக்கும் இது பொருந்தும். விலகிப் போகும் பொருளின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்வதைச் செம்பெயர்ச்சி என்கிறோம். நெருங்கி வருவதன் கோடுகள் நீலப் பக்கம் நகரும்.

"செம்பெயர்ச்சி என்றால் அந்த விண்மீன் மண்டலம் சிவப்பாகத் தெரியும்" என்பது பரவலான தவறு. நகர்வு பெரும்பாலும் கண்ணால் அறிய முடியாத அளவு. ஆண்ட்ரோமெடா மண்டலம் விநாடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நெருங்குகிறது என்று 1912-இல் வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்தார். ஒளியின் வேகத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் 656.3-இல் இருக்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு 655.6-க்கு வரும், அவ்வளவே. எந்த இடத்தில் இருக்க வேண்டிய கோடு என்று முன்பே தெரிந்திருப்பதால்தான் நகர்வையே அளக்க முடிகிறது. மிகத் தொலைவில் உள்ள மண்டலங்களுக்குச் செம்பெயர்ச்சி வருவதற்குக் காரணம், ஒளி பயணம் செய்யும் காலத்தில் விண்வெளியே விரிந்து, அலையையும் கூடவே நீட்டிவிடுவது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியனின் முகத்தில் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளிகளின் விளிம்புப் பகுதியில் கோடுகள் லேசாக நகர்ந்திருப்பதைக் கண்டு, அங்கே வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்று அறிந்தார். விநாடிக்கு ஓரிரு கிலோமீட்டர் வேகம். 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தின் கோடுகள் நான்கு நாளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அசைவதைப் பிடித்தார்கள். சுற்றிவரும் கோள் ஒன்று அந்த நட்சத்திரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆட்டத்தின் வேகம் விநாடிக்கு 55 மீட்டர் போல. மணிக்கு 200 கிலோமீட்டர் ஓடும் அதிவேக ரயிலின் வேகம்தான்.

## இல்லாத தனிமம்

ஹீலியத்தின் கதையைச் சொன்ன பிறகு அதன் உடன்பிறப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. அடுத்த ஆண்டே, 1869 ஆகஸ்ட் கிரகணத்தில் அமெரிக்காவில் சார்ல்ஸ் யங்கும் வில்லியம் ஹார்க்னெஸும் சூரியனைச் சுற்றிப் பரந்திருக்கும் மெல்லிய ஒளிவட்டத்தில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார்கள். 530.3 நானோமீட்டர். தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. ஒளிவட்டத்துக்கு கரோனா என்று பெயர். புதிய தனிமத்துக்கு 'கரோனியம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எழுபது ஆண்டுகள் தேடினார்கள். தனிம அட்டவணையில் அதற்குக் காலியிடமே இல்லை.

ஜெர்மனியின் வால்டர் குரோட்ரியானும் சுவீடனின் பெங்ட் எட்லெனும் 1940 வாக்கில் புதிரை அவிழ்த்தார்கள். அது நமக்கு நன்றாகத் தெரிந்த இரும்புதான். தன் 26 எலக்ட்ரான்களில் 13-ஐ இழந்து அடையாளம் தெரியாமல் நின்ற இரும்பு. ஆனால் இரும்பிலிருந்து அத்தனையையும் பிய்த்தெடுக்க 10 லட்சம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூரியனின் மேற்பரப்போ 5,500 டிகிரிதான். அடுப்பை விட்டு விலகி நிற்கும்போது அடுப்பைவிட அதிகமாகச் சுடுவது எப்படி? தனிமத்தைத் தேடப்போய்க் கிடைத்த இந்தக் கேள்விக்கு முழு விடை இன்னும் வரவில்லை.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா எல்1 விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கிறது. அதன் முதன்மைக் கருவி சூரியனின் முகத்தைத் தானே மறைத்து, கிரகணத்துக்குக் காத்திராமல் கரோனாவை ஆராய்கிறது. அது பிரித்துப் படிக்கும் கோடுகளில் ஒன்று அதே 530.3 நானோமீட்டர் பச்சைக் கோடு. கருவியைச் செய்தது பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். போக்சன் பணியாற்றிய சென்னை வானாய்வகம் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்து, அங்கிருந்து வளர்ந்து வந்த நிறுவனம் அது.